20வது மெய்ன் ரெஜிமெண்ட்டின் வாத்தியார் கர்னல்: அவர் நின்ற இடங்களைப் பார்த்தவர்கள் பகிருங்கள்

தொடங்கியவர்:

போன அக்டோபரில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கும் தெற்கும் மோதிய கெட்டிஸ்பர்க் போயிருந்தேன். அங்கே லிட்டில் ரவுண்ட் டாப் குன்றின் உச்சியில் நல்ல கூட்டம். ஆனால் வடக்குப் படையின் 20வது மெய்னை நடத்திய கர்னல் ஜோஷுவா சேம்பர்லைனின் ஆட்கள் நின்றது உச்சியில் இல்லை. தெற்குப் பக்கம் இறங்கி மரங்களுக்குள் போக வேண்டும். அலங்காரம் ஏதும் இல்லாத ஒரு கருங்கல் அங்கே இருக்கிறது. களத்தில் இறங்கிய 358 பேரில் 38 பேர் இறந்தார்கள், 93 பேர் காயப்பட்டார்கள் என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். அந்த எண்ணிக்கையைப் படித்துவிட்டு உடனே நகர முடியவில்லை.

சேம்பர்லைன் படைப்பள்ளியில் படித்தவர் அல்ல. மெய்ன் மாநிலத்தில் போடன் கல்லூரிப் பேராசிரியர். மேல்படிப்புக்கு ஐரோப்பா போகக் கல்லூரி விடுப்புக் கொடுத்தது. அவர் 1862 ஆகஸ்டில் தன்னார்வப் படையில் சேர்ந்துவிட்டார். ஆளுநர் கர்னல் பதவியே தருகிறேன் என்றார். கீழே இருந்து தொழிலைக் கற்றுக்கொள்கிறேன் என்று லெப்டினன்ட் கர்னலாகத்தான் சேர்ந்தார். மேலதிகாரி அடெல்பர்ட் ஏம்ஸ் வயதில் இளையவர், வெஸ்ட் பாயிண்ட் படைப்பள்ளியில் பயின்றவர். அவரிடம் கூடாரத்தில் உட்கார்ந்து பாடம் கேட்டிருக்கிறார் இந்த வாத்தியார். எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது இங்கேதான்.

அடுத்த வருஷம் மே மாதம் நடந்ததுதான் என் மனதை விட்டுப் போகவில்லை. 2வது மெய்ன் ரெஜிமெண்ட்டின் இரண்டு வருஷக் கெடு முடிந்து எல்லாரும் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்த சுமார் 120 பேர் மட்டும் மாட்டிக்கொண்டார்கள். எங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று துப்பாக்கியைத் தொட மறுத்தார்கள். அவர்களைச் சுற்றிக் காவல் போட்டு சேம்பர்லைனிடம் கொண்டுவந்து விட்டார்கள். வேலை வாங்கு, இல்லாவிட்டால் சுடு என்பது மேலிடத்து உத்தரவு. வந்தவர்களோ சாப்பிட்டு நாளாகியிருந்தது. அவர் முதலில் காவலை எடுத்தார், சோறு போட்டார். அப்புறம் அவர்கள் குறையைக் கேட்டு ஆளுநருக்குக் கடிதம் எழுதினார். ஒரு சிலரைத் தவிர எல்லாரும் துப்பாக்கியை எடுத்துக்கொண்டார்கள்.

அந்த 2வது மெய்னிலிருந்து வந்த ஆண்ட்ரூ டோசியர்தான் 1863 ஜூலை 2 அன்று கெட்டிஸ்பர்க்கில் கொடி பிடித்தவர். சுற்றி நின்றவர்கள் விழுந்த பிறகும், கொடிக்கம்பை முழங்கை மடிப்பில் சாய்த்துக்கொண்டு கையில் கிடைத்த துப்பாக்கியால் சுட்டுக்கொண்டே நின்றாராம். ஆளுக்கு 60 தோட்டா. அது தீர்ந்த பிறகுதான் துப்பாக்கி முனையில் கத்தியை மாட்டிக்கொண்டு சரிவில் பாய்ந்தார்கள். அன்று பாய்ந்தவர்களில் மே மாதம் பட்டினியோடு காவலில் வந்தவர்களும் உண்டு.

இரண்டாமவர்:

அண்ணா, நானும் அந்தச் சரிவில் நடந்திருக்கிறேன், ஆனால் கீழிருந்து மேலாக. எதிரே வந்த தெற்குப் படையின் 15வது அலபாமாக்காரர்களின் வழி அது. அன்றைக்கு அவர்கள் ஏற்கெனவே 25 மைல் போல நடந்து வந்தவர்கள். தண்ணீர் பிடித்துவர 22 பேரிடம் எல்லாருடைய குப்பியையும் கொடுத்து அனுப்பினார் கர்னல் வில்லியம் ஓட்ஸ். குப்பிகள் வருவதற்குள் முன்னேற உத்தரவு வந்துவிட்டது. போன 22 பேரும் பிடிபட்டார்கள். ஜூலை வெயிலில் தொண்டை வறண்டு அந்தப் பாறைகளில் ஏறிப் பல முறை மோதியிருக்கிறார்கள். நான் ஒரு பாட்டில் தண்ணீரோடு போயே பாதியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஓட்ஸின் தம்பி ஜான் அங்கே அடிபட்டுத்தான் இறந்தார். வயதான காலத்தில் தம் ஆட்களுக்கு ஒரு கல் நட ஓட்ஸ் ரொம்பப் பாடுபட்டார். அவர் கேட்ட இடத்தை சேம்பர்லைன் ஒப்புக்கொள்ளவில்லை. கல் வரவே இல்லை. சேம்பர்லைனை எனக்கும் பிடிக்கும், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் விட்டுக்கொடுத்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

மூன்றாமவர்:

நான் கெட்டிஸ்பர்க் போனதில்லை. போன வருஷம் மெய்னில் பிரன்ஸ்விக் ஊருக்குப் போய் சேம்பர்லைன் வீட்டையும் கல்லறையையும் பார்த்தேன். போனதற்குக் காரணம் வேறு. நான்கு வருஷம் முன்பு பைக் விபத்தில் எனக்கு இடுப்பெலும்பு உடைந்தது. மூத்திரக் குழாயும் கிழிந்து ஏழு மாதம் டியூபோடு கிடந்தேன். அப்போது படுக்கையில் படித்தவர் இவர்.

1864 ஜூன் 18, வர்ஜீனியாவின் பீட்டர்ஸ்பர்க். குண்டு வலது இடுப்பில் புகுந்து மறுபக்கம் வரை போயிற்று. ஆட்கள் பார்த்தால் தயங்குவார்கள் என்று வாளை மண்ணில் ஊன்றிக்கொண்டு நின்றார், ரத்தம் போய் விழும்வரை. பிழைக்கமாட்டார் என்றே மருத்துவர்கள் நினைத்தார்கள். சாகப்போகிறவர் என்று வடக்குப் படைத் தளபதி கிராண்ட் அவரைப் பிரிகேடியர் ஜெனரல் ஆக்கினார். இரங்கல் செய்திகூட நாளிதழில் வந்துவிட்டது. மூத்திரம் போக வைத்த உலோகக் குழாயே உள்ளே அரித்து ஓட்டை போட்டது. அது கடைசிவரை ஆறவில்லை. திரும்பத் திரும்ப அறுவை, சீழ், காய்ச்சல். அதோடுதான் நான்கு முறை மெய்ன் ஆளுநராக இருந்தார், போடன் கல்லூரியின் தலைவராக இருந்தார். 1914 பிப்ரவரியில் இறந்ததும் அந்தக் காயத்தால்தான். ஐம்பது வருஷம்.

டியூப் இருந்த நாட்களில் தும்மினால்கூட உயிர் போய்வரும். இவர் அந்த வருஷமே குளிர்காலத்தில் படைக்குத் திரும்பினார். 1865 ஏப்ரல் 12 அன்று அப்போமாட்டக்ஸில் தோற்ற தெற்குப் படை ஆயுதத்தை வைக்க வரிசையாக வந்தபோது, தம் வீரர்களைத் துப்பாக்கி தூக்கி மரியாதை செய்யச் சொன்னார். எதிர்ப்பக்கத்து ஜெனரல் ஜான் கார்டன் வாளைத் தாழ்த்திப் பதில் மரியாதை செய்தார். எல்லாரும் அந்த மரியாதையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு வேறொன்றுதான் கண்ணில் நிற்கிறது: அந்த இடுப்போடு அவர் அங்கே குதிரை மேல் உட்கார்ந்திருந்தார்.

தொடங்கியவர்:

தம்பி, இதை எழுதியதற்கு நன்றி. இப்போது உடம்பு எப்படி இருக்கிறது? வண்டி ஓட்ட முடிகிறதா?

மூன்றாமவர்:

கார் ஓட்டுகிறேன் அண்ணா. பைக்கில் இன்னும் ஏறவில்லை.