மிட்டிகேஷன்: ‘தணிப்பு’ போதுமா? (வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் தேவை)

வணக்கம்.

உள்ளாட்சித் திட்டப் பணியாளர்களுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். காலநிலைத் தரவை வைத்து வெள்ளம், வறட்சி, வெப்ப அலைக்கு முன்கூட்டியே திட்டமிடுவது பற்றியது. ‘மிட்டிகேஷன்’ என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன். காலநிலை அறிவியலில் அது பசுங்குடில் வாயு உமிழ்வைக் குறைப்பது. பேரிடர்த் துறையிலோ, வெள்ளம் வந்தாலும் சேதம் குறையும்படி முன்பே செய்து வைக்கும் வேலை: வடிகாலை அகலப்படுத்துவது, தாழ்வான இடத்தில் வீடு கட்ட விடாமல் இருப்பது. இரண்டையும் நாம் ‘தணிப்பு’ என்கிறோம். வரைவைப் படித்த நண்பர், வடிகால் வெட்டினால் புவி வெப்பம் குறையுமா என்று கேட்டார்.

*

சினம் தணியும், தாகம் தணியும், காய்ச்சல் தணியும். எழுந்து நிற்பதுதான் தணியும். இன்னும் வராத வெள்ளத்தை எப்படித் தணிப்பது? ‘வருமுன்னர்க் காவாதான் வாழ்க்கை’ என்ற குறள் நினைவிருக்கும். ‘வருமுன்காப்பு’ என்று எழுதுங்கள்.

*

ஐயா, ‘காப்பு’ என்றால் படிப்பவர் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்வார். நான் நீரியல் கணக்கு போடுகிறவன். ‘நூறாண்டு வெள்ளம்’ என்ற பெயர் செய்த கெடுதலைப் பார்த்திருக்கிறேன். ஒரு முறை வந்துவிட்டால் இனி நூறு வருடம் கவலையில்லை என்று நினைக்கிறார்கள். உண்மையில் அந்த அளவு வெள்ளம் வர ஒவ்வோர் ஆண்டும் 1 விழுக்காடு வாய்ப்பு. 30 ஆண்டு குடியிருந்தால், ஒரு முறையாவது வருவதற்கு ஏறத்தாழ 26 விழுக்காடு. அந்த 1 விழுக்காடும் பழைய மழைப்பதிவிலிருந்து வந்தது. காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடானால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவி கொள்ளும், பெருமழையும் கனக்கும். வருங்காலக் கணிப்புகளோ ஒற்றை எண்ணைத் தருவதில்லை, ஒரு வீச்சைத்தான் தருகின்றன. இந்தத் தரவை வைத்துக்கொண்டு ‘காப்பு’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ‘பாதிப்புக் குறைப்பு’ போதும்.

*

‘பாதிப்பு’ வடசொல் வழி வந்தது. நமக்கு ‘ஊறு’ இருக்கிறது. திருக்குறளின் வினைத்திட்ப அதிகாரத்தில் வள்ளுவர் ‘ஊறொரால் உற்றபின் ஒல்காமை’ என்கிறார். ஒரால் என்பது ஒருவுதல், விலகுதல். ஊறு நேராமல் விலகுவது ஒன்று, நேர்ந்தபின் தளராமல் நிற்பது இன்னொன்று. நீங்கள் இன்று தேடும் மிட்டிகேஷனும், நாளை தேடப்போகும் ரெசிலியன்ஸும் ஒரே அடிக்குள் இருக்கின்றன! ‘ஊறொரால்’, ‘ஒல்காமை’. இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

*

அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் என் வகுப்பில் ‘ஊறு’ என்றால் கிணற்றில் நீர் ஊறுவதைத்தான் சொல்வார்கள். வெள்ளக் கையேட்டில் அந்தக் குழப்பம் வேண்டாம். பாதிப்பு என்றால் எல்லோருக்கும் புரியும். எந்த வழியில் வந்தால் என்ன?

*

அனைவருக்கும் நன்றி. நேரம் முடிந்துவிட்டது. இருவர் சொன்னபடி ‘பாதிப்புக் குறைப்பு’ என்றே போடுகிறேன். மற்றதற்கு ‘உமிழ்வுத் தணிப்பு’ என்று அடைமொழியோடு எழுதிவிட்டேன்.

*

சரி, அச்சுக்குப் போகட்டும். என் வாக்கு ஊறொராலுக்குத்தான். ஒரு சொல் வகுப்பறைக்குப் போகாமல் எப்படிப் பழகும்? அப்புறம், வரைவில் ஹசார்டுக்கும் ‘இடர்’, ரிஸ்குக்கும் ‘இடர்’ என்று இருக்கிறதே. வெள்ளம் என்பது ஒன்று, அதனால் நமக்கு இழப்பு நேரும் வாய்ப்பு வேறொன்று. அதற்கு என்ன செய்வதாக இருக்கிறீர்கள்?