பால்பண்ணைப் பெண்ணைப் பிரபு மணப்பது நம்பும்படி இருக்குமா?

பொன்னி:
வணக்கம். ஒரு சரித்திர நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். களம் இங்கிலாந்து, 1820கள். மணமாகாத வயதான பிரபு ஒருவர் தன் மாளிகையின் பால்பண்ணையில் வேலை செய்யும் பெண்ணையே மணக்கிறார். முதல் அத்தியாயங்களைப் படித்த தோழி, "இதெல்லாம் நம்ம ஊர் சினிமா ஜமீன்தார் செய்வது, வெள்ளைக்காரப் பிரபு செய்ய மாட்டான்" என்று சொல்லிவிட்டாள். அப்படியா? இன்னொன்று: கல்யாணத்துக்கு முன் அவள்தான் தினமும் அவருக்குக் காலை உணவு கொண்டுபோகிறாள். அது சரியா?

சுமதி அக்கா:
பொன்னி, உன் தோழியிடம் சர் ஹாரி ஃபெதர்ஸ்டன்ஹா என்ற பெயரைச் சொல். சசெக்ஸில் அப்பார்க் என்று ஒரு மாளிகை. போர்ட்ஸ்மவுத்தில் என் வீட்டுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கேதான் கூட்டிப்போவேன். அதன் சொந்தக்காரர் சர் ஹாரி, 1825இல், எழுபது வயதைத் தாண்டியபின், தன் பால்பண்ணைப் பெண் மேரி ஆன் புல்லக்கை மணந்தார். அவளுக்கு இருபதை ஒட்டிய வயது. நாகரிகம் பழக அவளைப் பாரிசுக்கு அனுப்பினார். இளமையில் மனிதர் ஆடிய ஆட்டம் தனிக்கதை. பின்னாளில் கடற்படைத் தளபதி நெல்சனின் காதலியாகப் பேர்போன எம்மாவை இங்கேதான் கொஞ்ச காலம் வைத்திருந்தார்.

பெண் கேட்ட விதம் பற்றி ஒரு கதை சொல்வார்கள். இப்போதே பதில் வேண்டாம், சம்மதம் என்றால் இன்று என் சாப்பாட்டுக்கு வரும் ஆட்டுத்தொடையில் ஒரு துண்டை வெட்டிவிட்டு அனுப்பு என்றாராம். துண்டு குறைந்தே வந்ததாம். நிஜமோ கட்டுக்கதையோ, அந்தத் தட்டைத் தூக்கிவந்தவன் முகத்தை யோசித்துப் பார்!

காலை உணவு மட்டும் உதைக்கிறது. பரிமாறுவது பட்லர், ஃபுட்மேன் வேலை. அவளுடைய வேலை வெண்ணெய் கடைவதும் பாத்திரம் தேய்ப்பதும். அப்பார்க்கில் சமையல்கட்டே தனிக் கட்டடம். சாப்பாடு சுரங்கப்பாதை வழியாக மாளிகைக்குப் போகும். அவளைப் பார்க்க வேண்டுமென்றால் அவர்தான் பால்பண்ணைப் பக்கம் நடக்க வேண்டும். அப்படியே எழுது.

அப்புறம், தயவுசெய்து கல்யாணத்தோடு முடித்துவிடாதே. மறுநாள் காலையில்தான் கதையே. நேற்றுவரை அவளை அதட்டிய ஹவுஸ்கீப்பர், அதாவது வேலைக்காரிகளின் தலைவி, இன்று எப்படி அவளிடம் உத்தரவு கேட்பாள்? யார் முதலில் பேசுவது?

ரயிலடி:
ஃபுட்மேன் பற்றி ஒரு வார்த்தை. 1777இல் ஆண் வேலைக்காரர் ஒருவருக்கு ஆண்டுக்கு ஒரு கினி (ஒரு பவுண்டுக்குச் சற்று மேல்) என்று வரி போட்டார்கள், அமெரிக்க விடுதலைப் போர்ச் செலவுக்கு. வரி 1937 வரை நீடித்தது. ஆக, மேஜையருகே ஆண்களை நிறுத்துவதே காசைக் காட்டத்தான். பால்பண்ணைப் பெண் தட்டு தூக்கிவந்தால் விருந்தாளிகள், பிரபு நொடித்துவிட்டார் என்று நினைப்பார்கள்.

பொன்னி:
அக்கா, ரயிலடி, ரொம்ப நன்றி. காலை உணவு போயே போச்சு. அந்த மேரி ஆன் அப்புறம் என்ன ஆனாள்?

சுமதி அக்கா:
தங்கை பிரான்சிஸையும் வீட்டோடு வைத்துக்கொண்டாள். 1846இல் சர் ஹாரி இறந்தபின் மாளிகை அவளுக்கு வந்தது. அக்காவும் தங்கையும் எதையும் மாற்றாமல் அப்படியே வைத்திருந்தார்கள். 1874இல் அவள் இறந்ததும் எல்லாம் தங்கைக்கு.

இனிமேல்தான் விஷயம். 1850இல் பிரான்சிஸுக்கு அந்தரங்கப் பணிப்பெண்ணாக வந்தவள் சாரா. கல்யாணமாகிப் போனாள், கடை வைத்தார்கள், கஷ்டப்பட்டாள். 1880இல் பிரான்சிஸே அவளை ஹவுஸ்கீப்பராகக் கூப்பிட்டுக்கொண்டாள். சாராவின் மகன்தான் நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ். பையன் கீழ்த்தளத்தில் தங்கி வேலைக்காரப் பெண்களுக்கு நிழல்பொம்மை நாடகம் போட்டான், மாளிகைப் புத்தகங்களைப் படித்தான். பிற்பாடு சுயசரிதையில், அம்மாவைப்போல மோசமான ஹவுஸ்கீப்பர் இருந்திருக்க மாட்டார் என்கிற மாதிரி எழுதினார், மகன் என்று பார்க்காமல்! 1893இல் சாராவை வேலையை விட்டு அனுப்பினார்கள். அனுப்பியது அதே பிரான்சிஸ்தான், பால்பண்ணைக்காரியின் தங்கை.

நானாக இருந்தால் பிரபுவைப் பத்துப் பக்கத்தில் சாகடித்துவிட்டு, பிரான்சிஸ், சாரா என்ற இந்த இரண்டு கிழவிகளை எழுதுவேன்.