அம்முவின் தாடை வலி: குடும்பக் குழுவில் பேசியது

மார்த்தாண்டம் அத்தை, காலை 7:10
அம்முவுக்கு மறுபடியும் காது வலி. காது டாக்டர் காதில் ஒன்றும் இல்லை என்கிறார். வாயைத் திறந்தால் டக்கென்று சத்தம். கீழ்த்தாடை ஒதுங்கியிருப்பதால் வலி, பல்லுக்குக் கம்பி போடு என்கிறார் ஒருவர். ஆபரேஷன் என்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது?

குளச்சல் மாமா, 7:14
ஆபரேஷனா? வர்ம ஆசானிடம் காட்டி காயத்திருமேனி எண்ணெய் தடவினால் போதும்.

டாக்டர் மயினி, 7:31
எண்ணெய் தடவினால் தடவட்டும் மாமா, தாடையைப் பிடித்து இழுக்க மட்டும் விடாதீர்கள்.
அத்தை, தாடை மூட்டு காதுக்கு நேர் முன்னால் இருக்கிறது. அதில் வலித்தால் காது வலி போலத்தான் தெரியும். வலி இல்லாமல் சத்தம் மட்டும் என்றால் விட்டுவிடலாம். அம்மு, மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வாய்க்குள் போகிறதா?

அம்மு, 7:36
இரண்டுதான் போகிறது மயினி. காலையில் எழும்பும்போது கன்னம் பாறாங்கல் மாதிரி இருக்கும்.

மார்த்தாண்டம் அத்தை, 7:37
ராத்திரி பல்லை நறநறவென்று கடிப்பாள். அடுத்த அறைக்குக் கேட்கும்.

டாக்டர் மயினி, 7:49
அப்போது முதலில் தசையைத்தான் பார்க்க வேண்டும். வலி வேறு, தாடை ஒதுங்கியிருப்பது வேறு. இரண்டையும் ஒரே முடிச்சாகப் போடுவதால்தான் இத்தனை குழப்பம். ஒதுங்கிய தாடையோடு வலியே இல்லாமல் இருப்பவர்கள் நிறையப் பேர்.
வலிக்கு: வாய் மருத்துவப் பிரிவில் காட்டுங்கள். ராத்திரி பல்லில் மாட்டும் ஸ்பிளின்ட், வெந்நீர் ஒத்தடம், பிசியோதெரபி. ஏத்தங்காய் சிப்ஸும் சூயிங்கம்மும் கொஞ்ச காலம் வேண்டாம், கஞ்சியும் பயறும் சாப்பிடட்டும். பெரும்பாலானவர்களுக்கு இதிலேயே அடங்கிவிடும். வலிக்காகப் பல்லை ராவ யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், ராவிய பல் திரும்ப வளராது.

அம்மு, 7:52
அப்போ தாடை இப்படியே இருக்குமா?

டாக்டர் மயினி, 8:05
வலி அடங்கட்டும், அப்புறம் நீயே முடிவு செய் மக்ளே. தாடை வளர்ச்சி நின்றிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கம்பி போடுகிறவரும் தாடை சர்ஜனும் ஒரே எக்ஸ்ரேயை வைத்துக்கொண்டு சேர்ந்து திட்டம் போடுவார்கள். ஆபரேஷனுக்கு முன்பே ஒரு வருடம், ஒன்றரை வருடம் கம்பி. அந்தச் சமயத்தில் கடி, அதாவது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேரும் விதம், இன்னும் கோணலாகத் தெரியும், பயப்படாதே. வெட்டுவது பெரும்பாலும் வாய்க்குள்ளேதான். எலும்பை நகர்த்தி டைட்டானியம் தகடு வைப்பார்கள். அப்புறம் மறுபடி சில மாதம் கம்பி. இவ்வளவு செய்தாலும் வலி போய்விடும் என்று யாரும் உறுதி தர முடியாது. கடியும் முகமும் சரியாக வேண்டும் என்றால் செய்யலாம்.
குலசேகரம் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனால் ஒரே வளாகத்தில் எல்லாரும் இருப்பார்கள். பழைய எக்ஸ்ரேயை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

மார்த்தாண்டம் அத்தை, 8:07
திங்கட்கிழமை போகிறோம்.

குளச்சல் மாமா, 8:11
நானும் வரட்டுமா? மாடிப்படி ஏறினால் எனக்கும் தாடை வலிக்கிறது. உட்கார்ந்தால் நின்றுவிடும்.

டாக்டர் மயினி, 8:11
மாமா, அது பல் டாக்டர் பார்க்கிற வலி இல்லை, இதயத்திலிருந்து வரும் வலியாக இருக்கலாம். திங்கள் வரை காத்திருக்காதீர்கள். இப்போதே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய் இசிஜி எடுங்கள். தனியாக வண்டி ஓட்ட வேண்டாம்.

குளச்சல் மாமா, 8:15
சரி சரி. பையன் காரை எடுக்கிறான்.