ஓவர்கிளாக்கிங்: வேகமேற்றமா, மிகைத்துடிப்பா?

கோத்தகிரியிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஹார்டுவேர் வகுப்புக்கான பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ப்ராசஸரை அதற்கென வகுத்த வேகத்துக்கு மேல் ஓட்டும் ஓவர்கிளாக்கிங்குக்கு 'வேகமேற்றம்' என்று எழுதியிருக்கிறேன். சரிதானா? உறைபனி விழும் மாதங்களில் பிள்ளைகள் தவறாமல் கேட்கிறார்கள்: "இந்தக் குளிருக்குச் சிப் சூடாகவே இல்லையே மிஸ், இன்னும் கொஞ்சம் கூட்டினால் என்ன?" வகுப்பில் இருப்பவை இன்டெலின் எச்610 சிப்செட் (ப்ராசஸரையும் மற்ற பாகங்களையும் இணைக்கும் சில்லு) உள்ள தாய்ப்பலகைகள். எவ்வளவு குளிர்ந்தாலும் அந்தச் சிப்செட்டில் பெருக்கியை, அதாவது அடிப்படை கிளாக்கை எத்தனை மடங்காக்குவது என்ற எண்ணை, கூட்ட வழியில்லை.

குன்னூரிலிருந்து:
வேகமேற்றம் வேண்டாம் டீச்சர். டர்போவும் வேகத்தை ஏற்றுவதுதானே? இன்டெல் வகுத்த எல்லைக்குள் ப்ராசஸர் தானாகவே ஏறி இறங்கும்; எச்610-லும் அது நடக்கும். நீங்கள் சொல்வது, அந்த எல்லைக்கு மேல் நாமாக ஏற்றுவது. அடிப்படைத் துடிப்பு, அதாவது எல்லாவற்றுக்கும் தாளம் தரும் கிளாக் சைகை, 100 மெகாஹெர்ட்ஸ், பெருக்கி 45 என்றால் ப்ராசஸரின் வேகம் 4,500 மெகாஹெர்ட்ஸ். அந்த 45-ஐ உயர்த்த, பெயரின் கடைசியில் கே எழுத்து வரும் (கே, கேஎஃப் போன்ற) ப்ராசஸரும் இசட் வரிசைச் சிப்செட்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஏஎம்டி சிப்செட்டுகளில் ஏ520 விடாது, பி550 விடும். 'மிகை' இல்லாமல் இந்த வேறுபாடு விளங்காது. மிகைத்துடிப்பு என்பேன்.

உதகையிலிருந்து:
துடிப்பு நெஞ்சுக்கும் நாடிக்கும் உரியது. கிளாக் என்றால் கடிகாரம்; காலம் அளக்கும் கருவிக்கு நம்மிடம் சொல் இல்லையா? முல்லைப்பாட்டின் குறுநீர்க்கன்னலை மறந்துவிட்டோமே! சிறுகச் சிறுகச் செல்லும் நீரை அளந்து நாழிகை சொன்ன கருவி அது. சீராகச் செல்லும் நீர், சீராக வரும் சைகை. இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? 'மிகைக்கன்னல்' என்றே வையுங்கள்.

கொடைக்கானலிலிருந்து:
ஐயா, அழகான சொல்தான். ஆனால் கன்னல் என்றதும் என் மாணவர்கள் கரும்பைத்தான் நினைப்பார்கள். அகராதியோடு வகுப்புக்கு வரச் சொல்ல முடியாது.

துடிப்புக்கு இன்னொரு நியாயமும் உண்டு. 2015 கடைசியில், இன்டெலின் ஸ்கைலேக் தலைமுறையில் கே இல்லாத ப்ராசஸர்களையும் ஏற்றலாம் என்று சில பலகைத் தயாரிப்பாளர்கள் புது பயாஸ் (பலகையை இயக்கும் அடிப்படை மென்பொருள்) விட்டார்கள். பெருக்கி பூட்டியபடியே இருந்தது. அடிப்படைத் துடிப்பைத்தான் உயர்த்தினார்கள். 2016 தொடக்கத்தில் பயாஸோடு வரும் ப்ராசஸரின் உள்கட்டளைத் தொகுப்பான மைக்ரோகோடை மாற்றி இன்டெல் அந்த வழியை அடைத்தது. அதே சில்லு, அதே பலகை. பயாஸைப் புதுப்பித்தவருக்கு வசதி போயிற்று. காசு கொடுத்து வாங்கிய பொருளில் பிறகு வந்து பூட்டுப் போட்டது எனக்கு இன்றும் ஆறவில்லை. பெருக்கியைக் கூட்டினாலும் அடிப்படையைக் கூட்டினாலும் கடைசியில் கூடுவது துடிப்புதான். சொல் இரண்டுக்கும் பொருந்துகிறது.

கோத்தகிரியிலிருந்து:
நன்றி. மிகைத்துடிப்பு என்றே அனுப்புகிறேன். முதலில் வரும் இடத்தில் 'ஓவர்கிளாக்கிங் எனப்படும்' என்று சேர்த்துவிடுகிறேன்.

உதகையிலிருந்து:
என் மறுப்பு அப்படியே இருக்கட்டும். அச்சில் ஒற்று விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வினைக்கு என்ன செய்யப் போகிறீர்கள்? 'ப்ராசஸரை மிகைத்துடிக்கச் செய்தான்' என்று ஒவ்வொரு வரியிலும் எழுத முடியுமா?