வசூல் கணக்கு: ஒரே படிவம் வேண்டாம், வங்கி தரும் கோப்பே போதும்

சங்கத்து அண்ணன்மார்கள், ஆச்சிமார்கள், தம்பி தங்கைகள் அனைவருக்கும் வணக்கம்.

புள்ளி வரி (திருமணமான ஒவ்வொரு தம்பதியையும் ஒரு புள்ளியாக எண்ணி வாங்கும் வரி), ஊருணி தூர்வாரும் நிதி, சிவன் கோயில் திருப்பணி என்று மூன்று வசூலும் இப்போது ஒன்றாக நடக்கின்றன. காரைக்குடிக் கணக்கு ஒரு பக்கம். சிங்கப்பூர், கோலாலம்பூர், வளைகுடா, அமெரிக்கா என்று அந்தந்த இடத்துப் பொறுப்பாளர்களின் கணக்குகள் இன்னொரு பக்கம். எல்லாவற்றையும் ஒன்றுசேர்க்க ஓர் எக்ஸெல் படிவம் கொடுத்து, அதில் நிரப்பி அனுப்பச் சொல்லலாம் என்று செயலாளர் அண்ணன் எழுதியிருந்தார்கள். நோக்கம் நல்லது. ஆனால் படிவம் வேண்டாம் என்பதே என் கருத்து. உங்கள் வங்கி என்ன வடிவில் கோப்பு தருகிறதோ அதைக் கை வைக்காமல் அப்படியே அனுப்புங்கள். அதைப் படித்துப் பிரிப்பது நாம் எழுதப் போகும் கணினி நிரலின் வேலையாக இருக்கட்டும்.

காரணம் எளியது. வங்கிக் கோப்பிலிருந்து படிவத்துக்கு ஒருவர் கையால் மாற்றி எழுதும்போதுதான் பிழை நுழைகிறது. ஒரு வரி விடுபடும், ஒரு சுழியம் கூடும், தேதி மாறும். கோப்பைத் திறந்து சேமித்தாலே கூடக் கெட்டுப்போகும். யு.பி.ஐ. பரிவர்த்தனைக்கு 12 இலக்கக் குறிப்பு எண் உண்டு. அது உள்ள சி.எஸ்.வி. கோப்பை (காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பு) எக்ஸெல்லில் திறந்தால், அந்த எண் 4.12 பெருக்கல் பத்தின் பதினோராம் அடுக்கு என்பது போலச் சுருங்கித் தெரியும். அப்படியே சேமித்தால் மீதி இலக்கங்கள் போய்விடும். பணம் கட்டியவர் 'என் எண் இதுதான், ஏன் பட்டியலில் இல்லை' என்று கேட்டால் நம்மிடம் பதில் இருக்காது. நேர்மையாக, சிரத்தையாக வேலை செய்கிற பொறுப்பாளர்மேல் பழி விழும். அதை நான் விரும்பவில்லை.

இந்தச் சிக்கல் நம் நகரத்தார் மக்களுக்குப் புதிதல்ல. ரங்கூனில் ரூபாய், பினாங்கில் வெள்ளி (டாலர்), சைகோனில் பியாஸ்தர் என்று கடை நடத்தியபோது, அங்கங்கே சிட்டையில் அன்றன்றைய வரவு பற்றை எழுதி, பிறகு பேரேட்டில் (தலைப்புவாரியான கணக்குப் புத்தகத்தில்) ஏற்றி, ஐந்தொகை (மொத்த இருப்புநிலைக் கணக்கு) எடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். சிட்டையைத் திருத்தி எழுதச் சொல்லி எந்த முதலாளியும் கேட்டதில்லை. சிட்டை சிட்டையாகவே இருக்கும், பேரேடு அதிலிருந்து பிறக்கும். நிரலையும் இதே முறையில் அமைக்கலாம். வங்கிக் கோப்புதான் நம் சிட்டை. அதை வந்தபடியே தேதி போட்டு ஓரிடத்தில் பூட்டி வைப்போம், யாரும் திருத்தக் கூடாது. பேரேட்டில் ஏறும் ஒவ்வொரு வரியும், எந்தக் கோப்பின் எத்தனையாவது வரியிலிருந்து வந்தது என்ற தடத்தோடு இருக்க வேண்டும்.

இனி வடிவங்களுக்கு வருகிறேன். இப்போது நம்மிடம் வரக்கூடியவை ஐந்தாறு. அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு ஓ.எஃப்.எக்ஸ். கிடைக்கலாம். 1997இல் மைக்ரோசாஃப்ட், இன்ட்யூட், செக்ஃப்ரீ மூன்றும் சேர்ந்து கொண்டுவந்த வடிவம் அது. அதன் பெரிய நன்மை, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் வங்கியே ஓர் அடையாள எண் போட்டுத் தருவது. அதற்கு முந்திய கியூ.ஐ.எஃப். வடிவில் அந்த எண்ணும் இல்லை, என்ன நாணயம் என்ற குறிப்பும் இல்லை. சிலருக்கு அதுதான் கிடைக்கும் என்றால் அதையும் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். நிறுவனக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு வங்கிகளிடையே செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்பின் எம்.டி.940 அல்லது புதிய ஐ.எஸ்.ஓ. 20022 வகையான கேம்ட்.053 கிடைக்கலாம். இரண்டும் நல்ல வடிவங்கள். தொடக்க இருப்பு, முடிவு இருப்பு இரண்டும் உள்ளேயே இருக்கும். எம்.டி.940இல் பைசாவைப் பிரிக்கக் காற்புள்ளி வரும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். 1500,50 என்றால் ஆயிரத்து ஐந்நூறும் ஐம்பது காசும்.

நம் நாட்டு வங்கிகள் தருவது பெரும்பாலும் சி.எஸ்.வி. அல்லது எக்ஸெல். இங்கேதான் கவனம் தேவை. எக்ஸெல் என்று பெயரிட்டு வரும் கோப்பு சில சமயம் உள்ளே வெறும் ஹெச்.டி.எம்.எல். (இணையப் பக்க) அட்டவணையாக இருக்கும், அல்லது டேப் வைத்துப் பிரித்த எழுத்துக் கோப்பாக இருக்கும். ஆகவே பெயரின் வால் பார்த்து வடிவத்தை முடிவு செய்யக் கூடாது, முதல் சில எழுத்துகளைப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கணக்கு எண், முகவரி, கிளை என்று மேலே பத்துப் பதினைந்து வரி தலைப்புச் செய்தி வரும், அதற்குக் கீழேதான் உண்மையான அட்டவணை தொடங்கும். ஒரு வங்கி பற்றுக்கும் வரவுக்கும் தனித்தனி நெடுவரிசை தரும். இன்னொன்று ஒரே தொகையைத் தந்து பக்கத்தில் 'டி.ஆர்.', 'சி.ஆர்.' என்று எழுதும். வேறொன்று கழித்தல் குறி போடும்.

அமைப்பு இப்படி இருக்கட்டும் என்கிறேன். ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு சின்னப் பார்சர், அதாவது கோப்பைப் படித்துப் பிரிக்கும் துணை நிரல். அதற்கு இரண்டே வேலை: 'இந்தக் கோப்பு என்னுடையதா' என்ற கேள்விக்குப் பதில் சொல்வது, ஆம் என்றால் படித்துப் பொது வரிகளாக மாற்றித் தருவது. பொது வரியில் இருக்க வேண்டியவை: தேதி, தொகை, நாணயம், வங்கி எழுதிய விவரம் ஓர் எழுத்தும் மாறாமல், வங்கியின் குறிப்பு எண், அந்த வரிக்குப் பின் இருந்த இருப்பு, கோப்பின் பெயர், வரி எண். பணம் கட்டியவர் யார், எந்த நிதிக்கு என்பதைப் பார்சர் தீர்மானிக்கக் கூடாது. அது அடுத்த கட்டம். இரண்டையும் கலந்துவிட்டால், ஒரு வங்கி தலைப்பை மாற்றினாலே எல்லாவற்றையும் தொட வேண்டி வரும். நெடுவரிசைத் தலைப்புகள் கூட நிரலுக்குள் வேண்டாம், ஒரு அமைப்புக் கோப்பில் இருக்கட்டும். அப்போது நிரல் எழுதத் தெரியாத ஒருவரும் புதிய வங்கியைச் சேர்க்க முடியும். அறிமுகமில்லாத தலைப்பு வந்தால் நிரல் ஊகிக்காமல் நின்றுவிட வேண்டும், நின்று எந்த வரியில் என்று சொல்ல வேண்டும்.

தொகையைத் தசம எண்ணாகக் கணினியின் மிதவை வகையில் (பின்னங்களைத் தோராயமாக வைக்கும் float வகை) வைக்காதீர்கள் என்று நிரல் எழுதப் போகும் தம்பிமார்களைக் கேட்டுக்கொள்கிறேன். அதில் 0.1உம் 0.2உம் கூட்டினால் 0.30000000000000004 வரும். ஆயிரக்கணக்கான வரிகளில் அது எங்கேயாவது ஒரு பைசாவாக வெளிவந்து, ஐந்தொகை பொருந்தாமல் இரவெல்லாம் தேட வைக்கும். பைசாவாக, முழு எண்ணாக வையுங்கள். ஆனால் எல்லா நாணயத்துக்கும் நூறு என்று எழுதிவிடாதீர்கள். குவைத் தினாருக்கு 1000 ஃபில்ஸ், பஹ்ரைனுக்கும் அப்படியே. துபாய் திர்ஹத்துக்கு 100. ஜப்பானிய யென்னில் காசே கிடையாது. நாணய மாற்று வேலையைக் கோப்பை உள்வாங்கும்போது செய்யவே கூடாது. வெள்ளியாக வந்தது வெள்ளியாகவே இருக்கட்டும். எந்த நாள் விலைக்கு மாற்றினோம் என்பது தனிப் பதிவு.

காற்புள்ளி விஷயமும் உண்டு. நமக்கு 1,25,000.00, மேலை நாட்டில் 125,000.00, ஜெர்மனியில் 125.000,00. தேதியிலும் அதே தலைவலி. 03/04/2024 என்பது காரைக்குடியிலும் சிங்கப்பூரிலும் ஏப்ரல் 3, அமெரிக்காவில் மார்ச் 4. நமக்கு நிதியாண்டு மார்ச் 31இல் முடிவதால், இந்த ஒரு தேதியைத் தவறாகப் படித்தால் பணம் வேறு ஆண்டின் கணக்கில் போய் உட்காரும். வரிக்கு வரி பார்த்துத் தேதி வடிவை ஊகிக்கிற ஆயத்த நிரல் தொகுப்புகள் இருக்கின்றன. 12க்கு மேல் வந்தால் ஒரு விதம், இல்லாவிட்டால் இன்னொரு விதம் என்று அவை படிக்கும். அவை வேண்டாம். எந்தக் கணக்குக்கு எந்தத் தேதி வடிவம் என்று முதலிலேயே எழுதி வைத்து, முழுக் கோப்பையும் அதன்படியே படிக்க வேண்டும். ஒரு தேதி பொருந்தாவிட்டாலும் கோப்பு முழுவதையும் ஏற்காமல் திருப்பிவிட வேண்டும்.

என் பார்வையில் இந்த நிரலின் உயிர் இருப்புச் சோதனைதான். தொடக்க இருப்போடு எல்லா வரவையும் கூட்டி, எல்லாப் பற்றையும் கழித்தால் முடிவு இருப்பு வர வேண்டும். வராவிட்டால் ஒரு வரி கூடப் பேரேட்டுக்குப் போகக் கூடாது. விடுபட்ட வரி, தலைகீழான குறி, இரு முறை படித்த பக்கம், தவறாகப் படித்த காற்புள்ளி என்று எல்லாமே இந்த ஒரு கணக்கில் மாட்டும். வரிக்கு வரி இருப்பு தரும் வங்கி என்றால் இன்னும் நல்லது, எந்த வரியில் வழுக்கியது என்றே சொல்லிவிடலாம். பி.டி.எஃப். மட்டுமே கிடைக்கும் என்று சில ஆச்சிமார் சொன்னார்கள். பி.டி.எஃப். படிப்பது நம்பிக்கைக்குரிய வேலையல்ல, நெடுவரிசைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் இருப்புச் சோதனை இருப்பதால் துணிந்து வாங்கிக்கொள்ளலாம். கூட்டல் சரியாக வராவிட்டால் ஒருவர் உட்கார்ந்து கண்ணால் பார்க்கட்டும்.

அடுத்தது இரட்டிப்பு. ஒருவர் ஜனவரி முதல் மார்ச் வரை ஒரு கோப்பும், மார்ச் முதல் மே வரை இன்னொன்றும் அனுப்புவார். மார்ச் மாதம் இரண்டிலும் இருக்கும். வங்கியின் அடையாள எண் இருந்தால் கவலையில்லை. இல்லாத இடத்தில் தேதி, தொகை, விவரம் மூன்றும் ஒன்றாக இருந்தால் இரட்டிப்பு என்று நீக்கிவிடலாம் என்று தோன்றும். அது நம் ஊருக்குப் பொருந்தாது. புள்ளி வரி எல்லாப் புள்ளிக்கும் ஒரே தொகை. அப்பச்சி ஒருவரே தனக்கும் இரண்டு மகன்களுக்கும் சேர்த்து, ஒரே நாளில், ஒரே கணக்கிலிருந்து மூன்று முறை அனுப்புவார். மூன்றும் உண்மையான வரவு. எனவே ஒரே கோப்புக்குள் ஒன்றுபோல் எத்தனை வரி இருந்தாலும் அத்தனையையும் ஏற்க வேண்டும். வேறு கோப்பு வரும்போது, அதே நாளில் அதே மாதிரி ஏற்கெனவே எத்தனை இருந்தன, இதில் எத்தனை என்று எண்ணிப் பார்த்து, கூடுதலாக இருப்பதை மட்டும் சேர்க்க வேண்டும். இருப்பு நெடுவரிசை இருந்தால் அதையும் ஒப்பிடுங்கள், சந்தேகமே இருக்காது.

டேலியோ க்னூகேஷோ என்று கணக்கு மென்பொருள்கள் இருக்க ஏன் தனியாக எழுத வேண்டும் என்று கேட்கலாம். க்னூகேஷ் ஓ.எஃப்.எக்ஸ்., கியூ.ஐ.எஃப்., சி.எஸ்.வி., எம்.டி.940 எல்லாம் நன்றாகவே வாங்கும். ஆனால் நம் ஆடிட்டர் கேட்பது டேலி. அதனால் பேரேடு டேலியிலேயே இருக்கட்டும். நாம் எழுதுவது முன்வாசல் மட்டும்: பல வடிவங்களை வாங்கி, சோதித்து, டேலி ஏற்கும் எக்ஸ்.எம்.எல். கோப்பாகக் கொடுக்கும், அத்தோடு அதன் வேலை முடிந்தது.

வெளிநாட்டுப் பணம் பற்றி ஒன்று. இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் இருப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தருவது அயல்நாட்டுப் பங்களிப்பாகக் கருதப்படுவதில்லை. சிங்கப்பூர், அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டவர் தந்தால், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) இருந்தாலும், அது அயல்நாட்டுப் பங்களிப்புதான். 2010ஆம் ஆண்டு அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி அதற்குப் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பின் அந்தப் பணம் புதுடெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் திறந்த கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். ஆகவே உறுப்பினர் பட்டியலில் குடியுரிமைக்கு ஓர் இடம் கட்டாயம் தேவை, நிரல் அதைப் பார்த்துத் தனியாகக் காட்ட வேண்டும். பெயர் பொருத்தும்போது பழைய பட்டியல் இன்னும் பாமினி எழுத்துருவில் இருப்பதையும் மறக்கக் கூடாது. முதலில் அதை யுனிகோடுக்கு மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் எந்தப் பெயரும் பொருந்தாது.

இப்போது எனக்குத் தேவைப்படுவது மாதிரிக் கோப்புகள். பொறுப்பாளர்கள் தங்கள் வங்கியிலிருந்து ஒரு மாதக் கோப்பை இறக்கி எனக்குத் தனியாக அனுப்புங்கள். தயவுசெய்து இந்தக் குழுவுக்கு இணைப்பாக அனுப்பாதீர்கள், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது எல்லார் கையிலும் போய்விடும். அனுப்புமுன் எக்ஸெல்லில் திறக்கவும் வேண்டாம். பெயர்களையும் எண்களையும் நான் மாற்றிவிட்டு, அவற்றையே நிரலின் சோதனைக் கோப்புகளாக வைக்கிறேன். பின்னால் யாராவது ஒரு பார்சரைத் திருத்தினால், இந்தக் கோப்புகள் எல்லாம் பழையபடி சரியாகப் படிக்கப்படுகின்றனவா என்று ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

சிங்கப்பூர், மலேசியா வங்கிகளின் பார்சர்களை நான் எழுதுகிறேன். வளைகுடாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஒவ்வொருவர் வேண்டும். சென்னையில் இருப்பவர்களில் ஒருவர் டேலிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டால் நல்லது. முன்வருகிறவர்கள் இந்த மடலுக்கே பதில் எழுதுங்கள்.

அன்புடன்,
சிங்கப்பூரிலிருந்து