தொப்பைக்கு மரபணுதான் காரணமா? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். நானும் தம்பியும் ஒரே வீட்டுச் சாப்பாட்டில் வளர்ந்தவர்கள். அவன் இன்னும் ஒல்லி. எனக்கோ 30 வயதுக்குப் பிறகு இடுப்பைச் சுற்றிக் கொழுப்பு ஏறிக்கொண்டே போகிறது. சரி, மரபணுவாக இருக்குமோ என்று தேடிப் படித்தேன். எஃப்டிஓ மரபணுவில் எடையைக் கூட்டும் ஒரு மாறுபாட்டை 2007-இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அது வந்திருந்தால் சராசரியாக 3 கிலோ கூடுதலாம். மூன்றே கிலோ! என் தொப்பைக்கு அது கணக்கே ஆகாது. மற்றபடி நூற்றுக்கணக்கான மாறுபாடுகள் சிறுகச் சிறுகச் சேர்கின்றனவாம்.

பெரியவர்கள் மரபணுப் பரிசோதனை செய்துகொண்டால் சிகிச்சையில் ஏதாவது மாறுமா? அப்புறம், உடற்பயிற்சி எஃப்டிஓவின் தாக்கத்தைக் குறைக்கும் என்கிறார்களே, எந்த அளவுக்கு? பரிசோதித்துப் பார்த்தவர்கள் இருந்தால் கொஞ்சம் சொல்லுங்கள்.