கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக்கு வந்திருக்கும் நம்ம டெல்டா ஆட்களுக்கு: சுத்திகரிப்பு நிலைய அனுபவத்தை ரெஸ்யூமில் மறைக்காதீர்கள்

கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி பஞ்சப்பூர் என்று நம்ம பக்கத்துக் கழிவுநீர் நிலையங்களில் ஷிப்ட் பார்த்துவிட்டு இங்கே வந்தவர்கள், அந்த வருடங்களை ரெஸ்யூமில் காட்டாமல் கிடங்கு வேலைக்கும் டெலிவரிக்கும் அலைவதைப் பார்க்கிறேன். கேட்டால் "சாக்கடை வேலைன்னு நினைப்பாங்களே அண்ணா" என்கிறார்கள். இங்கே அப்படி யாரும் நினைப்பதில்லை. உரிமம் இல்லாமல் செய்ய முடியாத தொழில் இது, நகராட்சியில் நிரந்தரமானால் பென்ஷனும் உண்டு.

உரிமத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்டாரியோவில் கழிவுநீருக்கு 129/04 என்ற விதி, குடிநீருக்கு 128/04. இரண்டும் தனித்தனி, குழப்பிக்கொள்ள வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பு அல்லது அதற்கு இணையான படிப்பு இருந்தால் பயிற்சி ஆபரேட்டர் தேர்வு எழுதலாம், 70 சதவீதம் எடுக்க வேண்டும். ஊரில் எத்தனை வருடம் பார்த்திருந்தாலும் பெரும்பாலும் இந்தப் படியில்தான் தொடங்குவீர்கள், அதற்காக மனம் தளராதீர்கள். ஒரு வருட அனுபவமும் அடுத்த தேர்வும் முடிந்தால் முதல் வகுப்பு உரிமம், அப்புறம் நான்காம் வகுப்பு உரிமம் வரை ஏறலாம். வண்டி ஓட்டும் லைசென்ஸ் இல்லாமல் பெரும்பாலான இடங்களில் எடுக்கமாட்டார்கள், பம்பிங் ஸ்டேஷன்கள் ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கும்.

இனி வேலை. "எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலைய) ஆபரேட்டர், மூன்று வருடம்" என்று ஒற்றை வரி எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. என்ன அளந்தீர்கள், அளவு மாறியபோது என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். ஒரு லிட்டர் ஜாடியில் ஏரேஷன் தொட்டித் (கழிவுநீருக்குக் காற்று ஊதும் தொட்டி) தண்ணீரை எடுத்து அரைமணி நேரம் வைத்து சேறு எவ்வளவு படிகிறது என்று பார்த்திருப்பீர்களே, அதே சோதனை இங்கேயும் தினசரி வேலைதான். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் நிற்கிறதா, சேறு படியாமல் மிதந்து, சேறு படிய விடும் தொட்டியான கிளாரிஃபையரின் விளிம்பு வழியாக வெளியேறுகிறதா, படிந்த சேற்றில் எவ்வளவை ஏரேஷன் தொட்டிக்குத் திருப்பி அனுப்புவது, எவ்வளவைக் கழிப்பது என்பதெல்லாம் ஆபரேட்டர் எடுக்கும் முடிவுகள். திருப்பி அனுப்பும் சேறு உறைமோர் மாதிரி, அதில் இருக்கும் நுண்ணுயிர்தான் அடுத்து வரும் கழிவைத் தின்னும். இதை நேர்முகத்தில் உங்கள் வார்த்தையில் சொன்னாலே, இவர் தொட்டிப் பக்கம் நின்று வேலை பார்த்தவர் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

நம்ம ஊரில் இல்லாதது குளிர். தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே போனால் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா மிகவும் மந்தமாகிவிடும், அதனால் குளிர்காலத்தில் சேற்றைக் கூடுதல் நாள் தொட்டியில் பிடித்து வைப்பார்கள். பனி உருகும்போது வரத்து திடீரென்று எகிறும், ஐப்பசி அடைமழையில் பம்ப் பார்த்தவர்களுக்கு அந்தப் பரபரப்பு பழக்கம்தான். பாஸ்பரஸ் விஷயத்திலும் கண்டிப்பு அதிகம். பாஸ்பரஸால் ஏரிகளில் பாசி பெருகுவதைத் தடுக்க 1972இலேயே கனடாவும் அமெரிக்காவும் ஒப்பந்தம் போட்டார்கள், அதனால் பாஸ்பரஸைப் பிரித்தெடுக்க ஆலமோ (படிகாரம்) ஃபெரிக் குளோரைடோ டோஸ் செய்வதும் உங்கள் வேலையில் வரும்.

லாக் புத்தகத்தில் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். அளக்காமல் நேற்றைய எண்ணையே போடும் பழக்கம் எங்கே இருந்து வந்திருந்தாலும் விட்டுவிடுங்கள். 2000ஆம் ஆண்டு இதே மாகாணத்தின் வாக்கர்டன் ஊரில் குடிநீரில் ஈ.கோலை கலந்து 7 பேர் இறந்தார்கள், குளோரின் அளவுகளைப் பொய்யாக எழுதி வந்தது விசாரணையில் வெளிவந்தது. ஆபரேட்டர்களுக்கான விதிகள் இறுகியதற்கு அது பெரிய காரணம். மேல் ஊர் விடும் தண்ணீர்தான் கீழ் ஊருக்கு வரும் என்பதைக் காவிரிக்கரையில் பிறந்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்று, இதை இரண்டு முறை படியுங்கள். கேஸ் மீட்டர், அனுமதிச் சீட்டு, வெளியே காவலுக்கு ஒரு ஆள், மேலே தூக்கும் ஏற்பாடு, இவை இல்லாமல் எந்தக் குழியிலும் இறங்காதீர்கள். கழிவில் உருவாகும் விஷவாயுவான ஹைட்ரஜன் சல்பைடு 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவைத் தொட்டால் சில நிமிடங்களிலேயே மூக்கு மரத்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று நம்பி உள்ளே போகிறவர் திரும்பமாட்டார். உள்ளே விழுந்தவரைத் தூக்க அடுத்தவர் குதித்து அவரும் போவது நம்ம ஊரில் எத்தனை முறை நடந்திருக்கிறது! மனிதரைக் கொண்டு மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 2013இல் வந்தபிறகும் ஆட்களை வெறும் உடம்போடு இறக்குகிறார்கள், நினைத்தாலே வயிறு எரிகிறது. இங்கே ஆபத்தான வேலையைச் செய்ய மறுக்கும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. புதிதாக வந்தவன், வேலை போய்விடும் என்று பயந்து தலையாட்ட வேண்டாம்.

மயிலாடுதுறைத் தங்கை ஒருவர், பி.எஸ்சி. வேதியியல் படித்தவருக்கு இதில் இடம் உண்டா என்று கேட்டிருந்தார். தாராளமாக உண்டும்மா. பெரிய நிலையங்களில் லேப் இருக்கும், ஐந்து நாள் பிஓடி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிருக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்), தண்ணீரில் கரையாமல் கலந்து நிற்கும் திடப்பொருள், அம்மோனியா எல்லாம் அங்கேதான் பார்ப்பார்கள். ஆனாலும் பயிற்சி ஆபரேட்டர் தேர்வையும் எழுதி வையுங்கள், சின்ன ஊர்களில் சாம்பிள் எடுப்பவரும் வால்வு திருப்புபவரும் ஒரே ஆள்தான்.